மோன்ரீவ் ஊரின் வெள்ளக் கோடு

மோன்ரீவ்காரர்களிடம் நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம். மேயரைத் திட்டலாம், மாதா கோயில் மணி தாமதமாக அடிக்கிறது என்று சிரிக்கலாம், அவர்களுடைய வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு 'கொஞ்சம் புளிப்பு' என்றுகூடச் சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பலாம். ஆனால் 1856-இல் லுவார் ஆறு கரை மீறி வந்தபோது அக்கரை லாசோலில்தான் தண்ணீர் அதிகம் ஏறியது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தீர்கள். மற்ற ஊரில் வெள்ளம் வந்தால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இந்த ஊரில் மீசையை முறுக்குவார்கள்.

அந்த மீசை முறுக்கலை இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்து வந்தவள் பெரின் கோதிஷோன். நகராட்சியின் வழிகாட்டி. ஐம்பத்து நான்கு வயது, குட்டை உருவம். தொண்டை மட்டும் பாலத்தின் பதினொரு வளைவையும் தாண்டிக் கேட்கும். வாரத்தில் நான்கு நாள் வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவாள். புயலில் பிழைத்து வந்த படகோட்டிகள் செய்து கோயில் கூரையில் தொங்கவிட்ட மரப்படகு, சுவர்களில் படகு கட்டிய இரும்பு வளையங்கள், பாறையைக் குடைந்த ஒயின் அறைகள் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசியாகக் கரைத்தெருவில் 'மூன்று நங்கூரம்' விடுதியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள்.

முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் விடுதி அது. வெண்ணெய் நிறக் கல் சுவர், கறுப்புப் பலகைக்கல் கூரை, வாசலுக்கு மேலே செதுக்கிய மூன்று நங்கூரம். பூட்டிக் கிடந்தாலும் அதன் அழகு எங்கே போகும்? மாலை வெயில் ஆற்றில் பட்டுத் திரும்பி அந்தச் சுவரில் விழுந்தால், பார்த்துக்கொண்டே நிற்கலாம், காசா பணமா. வாசலுக்கு இடப்பக்கம், ஆளுயரத்துக்கும் மேலே, ஒரு சதுரக் கல். அதில் குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 1856.

"இங்க யாரு ரொம்ப உயரம்? வாங்க முஸ்யே, வெக்கப்படாதீங்க. சுவத்தை ஒட்டி நில்லுங்க. கையைத் தூக்குங்க பாப்போம். இன்னும், இன்னும்... எட்டிப்பிடிக்கக் கஷ்டமா இருக்குல்ல? அங்கதான் நின்னுச்சு தண்ணி! லுவார் ஆறு முழுக்கத் தேடினாலும் இதுக்கு மேல கோடு கிடையாது. அக்கரையில தெரியுதே ஒரு ஊரு, லாசோல்னு. அங்கயும் கொஞ்சம் நனைஞ்சதா சொல்லிக்கறாங்க. பாவம், கேட்டா நம்பற மாதிரி தலையாட்டிட்டு வந்துடுங்க."

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். பெரினுக்கு அந்தச் சிரிப்பு தினமும் வேண்டும். ஊர்மேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். கட்டின புருஷன் உயிரோடு இருந்தவரை, "நீ என்னைக் கட்டிக்கல, நகராட்சியைக் கட்டிக்கிட்டே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் மறுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் லியோனி யாரைக் கட்டினாள் தெரியுமா? லாசோல்காரனை. கோத்தியே என்று பெயர். இரண்டு பேரும் நாந்த் நகரத்தில் ஒரே சமையல்கட்டில் வேலை பார்த்தவர்கள். கல்யாணச் செய்தியைக் கேட்டதும் பெரின் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, பிரான்ஸ் முழுக்க வேற ஆம்பளையே கிடைக்கலையா? பாலத்தைத் தாண்டித்தான் பிடிக்கணுமா?" என்பதுதான். பிறகு பழகிவிட்டது என்றாலும், மருமகனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'அக்கரைக்காரா' என்று கூப்பிட்டதுதான் அதிகம். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பான். பேசுவதற்கு முன்னால் நன்றாக யோசிப்பான். அதுவே பெரினுக்குப் பிடிக்காது.

எட்டு மாசத்துக்கு முன் அவர்கள் இருவரும் நாந்த்தை விட்டு மோன்ரீவுக்கே வந்து பெரின் வீட்டு மாடியில் தங்கினார்கள். நகராட்சிக்குச் சொந்தமான மூன்று நங்கூரத்தை வாடகைக்கு எடுத்து உணவுவிடுதியாகத் திறக்க வேண்டும் என்று திட்டம். ஆற்று மீனும் வெண்ணெய்ச் சாறும், பொடிமீன் வறுவல், நடுவில் வைக்கோல் குச்சி செருகிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி என்று லியோனி பட்டியல்கூட எழுதி வைத்துவிட்டாள். பெரினுக்கு இரட்டைச் சந்தோஷம். மகள் வீட்டோடு வந்தாயிற்று, விடுதியின் கதவும் திறக்கப்போகிறது. வருஷக்கணக்காகத் தனியாகச் சாப்பிட்டவள் இப்போது மூன்று தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் முதல் வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். லியோனி ரொட்டியை வெட்டிய கத்தியாலேயே உறையைக் கிழித்தாள். படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"முடியாதாம்."

"என்னடி முடியாது?"

"வெள்ளம் ஒரு மீட்டருக்கு மேல ஏறின இடத்துல, கீழ்த்தளத்துல ஜனங்களை உக்காரவெச்சுச் சோறு போடக்கூடாதாம். நம்ம விடுதியில ரெண்டு மீட்டர் நாப்பத்தொண்ணு ஏறியிருக்காம். பதிவேட்டுல இருக்காம்." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "சாட்சிக் கையெழுத்து யாரு தெரியுமா? பெரின் கோதிஷோன்."

பெரினுக்கு ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். அவர் இரண்டு நாற்பது என்று எழுதப்போனபோது, "நாப்பத்தொண்ணு காட்டுது, ஒரு சென்டிமீட்டரை ஏன் விடறீங்க?" என்று சண்டை பிடித்துத் திருத்த வைத்தவள் அவளேதான். அன்றைக்கு அந்தப் பொறியாளருக்குக் காப்பி வேறு வாங்கிக் கொடுத்தாள்.

"லியோன் நகரத்துக்கு வரச்சொல்லி ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க," என்றான் கோத்தியே, தட்டைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு பேருக்கும் வேலை. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"லியோனா? அது எங்க கிடக்கு!" என்றாள் பெரின்.

செப்டம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஊரில் பூட்டியிருக்கும் பழைய கட்டிடங்களை எல்லாம் ஜனங்களுக்குத் திறந்துவிடுவார்கள். மூன்று நங்கூரத்தையும் திறப்பதாக முன்பே நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அனுமதி இல்லை என்று ஆன பிறகும் கோத்தியே தினமும் காலையில் போய், பூச்சு உரிந்த வெளிச்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். "ஒத்துக்கிட்ட வேலை, முடிச்சுட்டுப் போறேன்" என்றான்.

புதன்கிழமை பெரின் அந்தப் பக்கம் போனபோது அவன் சுவரருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன அக்கரைக்காரா, சுவத்துக்கிட்ட ரகசியம் பேசறியா?"

"சொன்னா நம்புவீங்களா பெரின்? லாசோல்காரன் சொல்றான்னு அடிக்க வருவீங்க."

"முதல்ல சொல்லித் தொலை."

அவன் நகர்ந்துகொண்டான். உரித்த பூச்சுக்குப் பின்னால், முழங்காலுக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு சதுரமான குழி. உள்ளே உடைசெங்கல்லைப் போட்டு அடைத்திருந்தார்கள். அவன் அதைப் பெயர்த்து எடுத்திருந்தான். ஓரங்கள் உளியால் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டவை.

பெரின் குழியை முழம் போட்டுப் பார்த்தாள். பிறகு ஏணியைச் சாத்தி ஏறினாள். வெள்ளக் கல்லையும் அதே கையால் அளந்தாள். அதே அகலம், அதே உயரம். கல்லைச் சுற்றிப் பூசியிருந்ததை நகத்தால் கீறினாள். நகம்தான் உடைந்தது. இருபத்திரண்டு வருஷமாக, "எங்க கரைத்தெரு முழுக்கச் சுண்ணாம்புக் கட்டு, சிமென்ட்டே கிடையாது" என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லைச் சுற்றி இருந்தது சாம்பல் நிறச் சிமென்ட். இத்தனை நாள் கீழேயிருந்து கையைக் காட்டியவள், ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்க்கவில்லை.

ஏணியை எடுத்துக்கொண்டு, வெள்ளக் கோடு இருக்கும் மற்ற ஆறு வீடுகளுக்கும் போனாள். ஆறிலும் அதே சிமென்ட்.

ஊரில் பழைய காலத்துக் கொத்தனார் ஒருத்தர்தான் மிச்சம். ஆன்செல்ம், எண்பது வயது. மத்தியான நேரத்தில் அவரைப் பந்து உருட்டும் மன்றத்தில்தான் பிடிக்க முடியும். அந்த வட்டாரத்து விளையாட்டு அது. தரை தோணி மாதிரி இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். பந்தும் முழு உருண்டை கிடையாது, வளைந்து வளைந்து போகும். தரை கீறிவிடும் என்பதால், மேயரே வந்தாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் துணிச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

ஆன்செல்ம் கட்டம் போட்ட துணிச்செருப்போடு பந்தை உருட்டிவிட்டு, அது போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்செல்ம், மூணு நங்கூரத்துக் கல்லை மேல ஏத்தினது யாரு?"

"ஷ்ஷ். பந்து ஓடுது."

"அது நாளைக்குத்தான் போய்ச் சேரும். நீங்க பதில் சொல்லுங்க."

"எந்தக் கல்லு? எனக்குக் காது கேக்கலை."

"கேக்காத காதா 'ஷ்ஷ்' சொல்லுச்சு?"

கிழவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளை ஓரத்து பெஞ்சுக்கு அழைத்துப் போனார். ஒரு கிளாஸ் ஒயின் உள்ளே போன பிறகு வாய் திறந்தது.

"தொள்ளாயிரத்து ஐம்பத்தாறுல, வெள்ளம் வந்து நூறு வருஷம்னு விழா எடுத்தாங்க. எனக்குப் பத்தொம்பது வயசு. அக்கரையில அவனுங்க பழைய கோட்டைக் கண்டுபிடிச்சு, சாயம் பூசி, பேப்பர்ல போட்டுட்டானுங்க. நம்ம கோட்டைவிட ரொம்ப மேல. அப்ப இருந்த மேயருக்கு ராத்திரி தூக்கமே இல்ல. என்னைக் கூப்பிட்டு, 'தம்பி, ஞாயித்துக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போயிருக்கறப்போ கல்லைக் கொஞ்சம் மேல தூக்கி வை'ன்னாரு."

"கொஞ்சமா? ஒண்ணே முக்கால் மீட்டர்!"

"போட்டின்னு வந்துட்டா அப்புறம் என்ன கொஞ்சம்? வெச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, பக்கத்து வீட்டுல கோடு முழங்கால்ல நிக்குது, இங்க தலைக்கு மேல நிக்குது. தண்ணி மட்டமாத்தானே நிக்கும்! அதனால மத்த ஆறு வீட்டையும் ஏத்த வேண்டியதாப் போச்சு. அஞ்சு ஞாயிறு நான் பூசைக்கே போகலை. பாதிரியார் நான் கெட்டுப்போயிட்டேன்னு என் அம்மாகிட்ட வந்து அழுதாரு."

பெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு வருஷம்! எத்தனை ஆயிரம் பேரைக் கையைத் தூக்க வைத்திருப்பாள்!

"எனக்கு வயசாயிடுச்சு பெரின். என்னை ஊர் சிரிக்க வெச்சுடாத," என்றார் ஆன்செல்ம். இன்னும் ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று கிளாஸை எடுத்துக்கொண்டார்.

பெரின் மாவட்ட அலுவலகத்துப் பொறியாளர் மதாம் வசெலுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மாதிரி, ஆனால் கறார். "வாய்ப்பேச்சை வெச்சுப் பதிவேட்டைத் திருத்த முடியாது மதாம். அந்தக் கல்லு அந்தக் குழியில சரியா உக்காருதுன்னு நான் என் கண்ணால பாக்கணும். கல்லை இறக்குங்க. வர்றேன்."

நகராட்சிக் கல்லை இறக்க மேயர் தலையாட்ட வேண்டும். மேயர் ரகோ விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா பெரின்? கலை வரலாற்று நகரம்னு பட்டம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கோம். முதல் பக்கத்துலயே அந்தக் கல்லு. லாசோல்காரன் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பாலத்துல நடப்பேன்?"

"என் பொண்ணு ஊரைவிட்டுப் போயிடுவா."

"பொண்ணுங்க போகத்தான் செய்வாங்க. என் ரெண்டு பொண்ணும் போகலையா? நீ ஊருக்கு உழைச்சவ. உன் வாயாலதான் அந்தக் கல்லுக்கே பேரு. அதே வாயால 'பொய்'னு சொல்லுவியா? நாளைக்கு நீ கோயில் மணியைக் காட்டினாக்கூட, 'இதுவாவது நிஜமா?'ன்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசி. அப்பவும் இறக்கணும்னு தோணிச்சுன்னா, எல்லார் முன்னாடியும் நீயே சொல்லி இறக்கு. நான் தடுக்கலை. ஆனா பழி உன்னோடது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் அவளைக் கொன்றது. நகராட்சியிலிருந்து வெளியே வந்து பாலத்தின் நடுவில் போய் நின்றாள். கோடையில் வற்றிய லுவார், மணல் திட்டுகளுக்கு நடுவே நாலைந்து கையாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. திட்டுகளில் வெள்ளைப் பறவைகள் கூச்சல் போட்டன. ஒரு பக்கம் அவளுடைய ஊர், கரை நெடுகக் கறுப்புக் கூரையும் வெளிர் சுவருமாக, வரிசை பிசகாமல். என்ன அழகு, என்ன அழகு! இந்த ஊருக்கு ஒரு பொய் எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. மேயர்மேல், ஆன்செல்ம்மேல், எல்லாருக்கும் மேலே தன்மேல். வீட்டுக்குப் போனதும் மதாம் வசெலுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னாள். லியோனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தைரியம் போய்விடும் என்று பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மூன்று நங்கூரத்தின் முன்னால் நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். பாதிப் பேர் வெளியூர், மீதி ஊர்க்காரர்கள். லாசோலிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் பாலத்தைத் தாண்டி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோத்தியேயின் அப்பாவும் அவர்களோடு இருந்தார். மேயர் ஒரு மரத்தடியில், யாரோ மாதிரி.

பெரின் வழக்கமான இடத்தில் நின்றாள்.

"இங்க யாரு ரொம்ப உயரம்னு கேப்பேன். இன்னிக்குக் கேக்கப்போறதில்ல," என்றாள். குரல் முதல் தடவையாகப் பின்வரிசைக்கு எட்டவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "அந்தக் கோடு பொய். தண்ணி அங்க நிக்கலை. இங்க, முழங்கால்கிட்ட நின்னுச்சு. அறுபது வருஷத்துக்கு முன்னாடி, அக்கரைக்காரங்களை ஜெயிக்கணும்னு நாமளே கல்லைத் தூக்கி மேல வெச்சோம். தெரியாமத்தான் நான் இத்தனை வருஷம் சொன்னேன். ஆனா ஏறிப் பாக்காம சொன்னது என் தப்பு. மன்னிச்சுடுங்க."

அப்புறம் பாருங்கள், லாசோல் பக்கத்திலிருந்து ஒருத்தன், "முழங்காலா? எங்க ஊர்ல கோழி குடிக்க வெக்கிற தண்ணி அவ்வளவு இருக்கும்!" என்றான். அவர்கள் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மோன்ரீவ்காரர்களின் முகம் சிவந்துவிட்டது. ஒரு அம்மாள், "பெரின், வெக்கமா இல்ல உனக்கு?" என்று கத்தினாள். வெட்கமாகத்தான் இருந்தது. காது மடல்வரை சுட்டது. லியோனி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதாம் வசெல் கோப்பைத் திறந்தார். "குழி இருக்கு, சரி. கல்லு?"

"நான் வெச்சது. நானே எடுக்கறேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆன்செல்ம். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கையில் உளியும் சுத்தியும், காலில் மன்றத்திலிருந்து மாற்றாமல் வந்த துணிச்செருப்பு. கோத்தியே ஏணியைப் பிடித்துக்கொண்டான். கிழவர் ஏறினார். அந்தச் சிமென்ட்டைப் பெயர்க்க அரைமணி நேரம் ஆயிற்று. "நல்லாத்தான் பூசியிருக்கேன், பாழாப்போக," என்று அவரே திட்டிக்கொண்டார். கல் அசைந்ததும் கோத்தியே இரண்டு கையாலும் வாங்கி, இறக்கி, குழியில் தள்ளினான். இம்மி இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்தது.

மதாம் வசெல் மண்டியிட்டு நாடாவைப் பிடித்தார். "அறுபத்திரண்டு சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்குள்ளதான். நாளைக்கே திருத்தி எழுதறேன். நீங்க சாப்பாட்டு மேசை வாங்கலாம்." லியோனி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். வெளியூர்க்காரர்கள் காரணம் முழுசாகப் புரியாமலே கைதட்டினார்கள்.

"திருப்பி வை," என்றார் ஆன்செல்ம்.

"எதை?" என்றான் கோத்தியே.

"கல்லை. தப்பாத் திரும்பியிருக்கு. அது பின்பக்கம்."

"கோடு இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"இந்தக் கோடு நான் போட்டது. அந்த வருஷத்தையும் நான்தான் செதுக்கினேன். நிஜமான முகம் உள்ள இருக்கு. எடுத்துத் திருப்பு தம்பி."

கோத்தியே கல்லை வெளியே இழுத்துத் திருப்பினான். சிமென்ட் அப்பி, ஒன்றும் தெரியவில்லை. லியோனி வாளியும் பிரஷ்ஷும் கொண்டுவந்தாள். ஆன்செல்ம் உளி நுனியால் அப்பியதை மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தார். கோத்தியே தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். முதலில் ஒரு கோடு தெரிந்தது, அதே உயரத்தில். பிறகு கோட்டுக்குக் கீழே பொடிப் பொடியாக எழுத்து. ஒரு வரி, இரண்டு வரி, எட்டு வரி.

பெரின் குனிந்து பார்த்தாள். வாய்க்குள்ளேயே படித்தாள். படித்து முடித்ததும் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேயர் இதைச் செதுக்கி எடுத்துடச் சொன்னாரு," என்றார் ஆன்செல்ம். "அவங்க பக்கம்தான் தண்ணி அதிகம்னு இதுல எழுதியிருக்கே, விழா அன்னிக்கு எவனாவது படிச்சுட்டான்னா? உளியை வெச்சேன். படிச்சேன். மனசு வரலை. அதான் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. அறுபது வருஷமா இந்தத் தெருவுல நடக்கும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கிட்டே நடந்திருக்கேன்."

மேயர் ரகோ மரத்தடியை விட்டு வந்து, தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அட பாவிகளா," என்றாள் பெரின், யாரைப் பார்த்தும் இல்லாமல். "தண்ணியைப் போய்ப் பீத்திக்கிட்டோமே! பீத்திக்க இது இருந்திருக்கு, இதைச் சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டோமே!"

"என்னம்மா எழுதியிருக்கு? எங்களுக்கும் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து குரல்கள். வெளியூர்க்காரர்கள், ஊர்க்காரர்கள், அக்கரைக்காரர்கள், எல்லாரும் நெருங்கி வந்துவிட்டார்கள். நூறு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். பேசுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, மருமகனின் ஈரக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"நீ படி கோத்தியே. இது உங்க ஊர்க்காரங்க எழுதினது."

அவன் மண்டியிட்டு, எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, அவனுக்குப் பழக்கமே இல்லாத உரத்த குரலில் படித்தான்:

"1856 ஜூன் நான்காம் நாள் எங்கள் கரை உடைந்தது. எங்கள் வீடுகள் கூரைவரை மூழ்கின. அதனால் இங்கே தண்ணீர் இந்தக் கோட்டுக்கு மேல் ஏறாமல் நின்றது. தங்கள் வீடு தப்பித்தது என்று இவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. படகுகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கூரைகளிலிருந்து இறக்கினார்கள். இருபது நாள் இந்தத் தெருவின் ஏழு வீடுகளில் உண்டோம், உறங்கினோம். அக்கரையார் என்று எங்களை ஒருவரும் அழைக்கவில்லை."

கடைசி வரி மிச்சம் இருந்தது. அவனுடைய அப்பா கூட்டத்திலிருந்து வந்து, பக்கத்தில் மண்டியிட்டு, அதை அவனோடு சேர்ந்து படித்தார்.

"இந்தக் கல் நாங்கள் கொடுத்தது. லாசோல் மக்கள்."